தேன்கனிக்கோட்டை பெண்கள் ஆலோசனை மையம்: சம்பளத்துக்கு நிதி கிடைக்கவில்லை

குடும்ப வன்முறைக்கு ஆளான பெண்களுக்காக தேன்கனிக்கோட்டையில் எங்கள் டிரஸ்ட் நடத்தும் மையத்துக்கு வரும் மானியம் மார்ச்சோடு நிற்கிறது. மாதச் செலவு 62,000 ரூபாய். அதில் 45,000 ஆலோசகர், இரவுப் பணியாளர் சம்பளம். சிக்கலே அதில்தான்.

ஓசூர் கம்பெனிகளிடம் சிஎஸ்ஆர் (கம்பெனிகள் லாபத்தில் ஒரு பங்கைச் சமூகப் பணிக்குச் செலவிடும் நிதி) கேட்டோம். தையல் மெஷின், கட்டில் தருகிறார்கள். சம்பளம் என்றால் அது சிஎஸ்ஆர் பணத்தில் நிர்வாகச் செலவுக்கு உள்ள 5 சதவீத வரம்பில் வரும் என்று மறுக்கிறார்கள். திட்டத்தை நேரடியாக நடத்தும் செலவு அந்த வரம்பில் சேராது என்பதுதான் விதி. ராத்திரியில் கைக்குழந்தையோடு வந்து நிற்கிற பெண்ணுக்குக் கதவு திறக்க ஆள் வேண்டாமா?

12ஏ (டிரஸ்டுக்கு வருமான வரி விலக்கு), 80ஜி (நன்கொடை தருபவருக்கு வரிச் சலுகை), சிஎஸ்ஆர்-1 (சிஎஸ்ஆர் நிதி வாங்க) பதிவுகள் இருக்கின்றன, வெளிநாட்டு நன்கொடை வாங்குவதற்கான எஃப்சிஆர்ஏ பதிவு இல்லை. உள்ளூர் மாத நன்கொடை வாடகைக்கே சரியாகிவிடுகிறது.

சம்பளத்தையும் சேர்த்து மூன்று வருட சிஎஸ்ஆர் ஒப்பந்தம் வாங்கியவர்கள், பட்ஜெட்டில் அதை எந்தத் தலைப்பில், எப்படிக் காட்டினீர்கள்?