அப்பாவுக்கு வராத இலங்கை மெடல்: யாருக்கு எழுதுவது?

சேப்பர்மகள்:
அப்பா ராணுவத்தின் பொறியாளர் பிரிவான மெட்ராஸ் சேப்பர்ஸில் நாயக். இந்திய அமைதிப்படையோடு 1987 அக்டோபரில் யாழ்ப்பாணம் பக்கம் பலாலியில் இறங்கி, இரண்டு வருஷம் கண்ணிவெடி எடுக்கிற வேலை. போன ஆவணியில் தவறிவிட்டார். டிரங்குப் பெட்டியைப் பிரித்தால், டிஸ்சார்ஜ் புக்கில் ‘விதேஷ் சேவா மெடல், கிளாஸ்ப் ஸ்ரீலங்கா’ (வெளிநாட்டுச் சேவைக்கான மெடல், ‘ஸ்ரீலங்கா’ என்ற பட்டையோடு) என்று பதிந்திருக்கிறது. பெட்டியில் இருப்பதோ ஒன்பது வருஷ சர்வீஸ் மெடல் மட்டும், பழைய பனியன் துணியில் சுற்றி. மற்றது வரவே இல்லை என்கிறார் அம்மா.

இலங்கைக்குப் போனதை அப்பா ஊரில் சொல்லிக்கொண்டதே இல்லை. யாராவது கேட்டால் “நார்த்ல இருந்தேன்” என்பார். (பொய்யும் இல்லை, வடக்கு மாகாணம்தானே!) ஓர் அலுவலகத்தில் விசாரித்ததற்கு, “அது போரே இல்லையேம்மா” என்று அனுப்பிவிட்டார்கள். வருஷத் திதிக்குள் வாங்கிவிட முடியுமா?

பழைய_ஹவில்தார்:
போர் இல்லையென்றால் அங்கே உயிர்விட்ட மேஜர் ராமசாமி பரமேஸ்வரனுக்கு எதற்காம் பரம்வீர் சக்ரா? 1,100 பேருக்கு மேல் திரும்பி வரவில்லை. 1990 மார்ச்சில் நாங்கள் மெட்ராஸ் துறைமுகத்தில் இறங்கியபோது முதலமைச்சர் வரவேற்க வரவில்லை. அந்தக் காலத்து அரசியல் அப்படி. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அப்போது பலருக்கும் சட்டையில் குத்தும் ரிப்பன்தான் முதலில் கிடைத்தது. மெடல் வருவதற்குள் ஆள் வேறு யூனிட்டுக்குப் போயிருப்பார். எனக்கே ஆறு வருஷம் கழித்துத்தான் கைக்கு வந்தது. புக்கில் பதிவு இருப்பதால் உங்களுக்குப் பாதி வேலை முடிந்தது. பெங்களூரில் இருக்கும் எம்இஜி ரெக்கார்ட்ஸுக்கு (மெட்ராஸ் சேப்பர்ஸின் ஆவண அலுவலகம்) அம்மா பெயரில் எழுதுங்கள். ஆர்மி நம்பர், அந்தப் பக்கத்தின் நகல், இறப்புச் சான்று, பென்ஷன் ஆர்டர் நகல் எல்லாம் வையுங்கள். ‘வழங்கப்படவில்லை’ என்றே எழுதவும். ‘தொலைந்தது’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அது வேறு கணக்கு. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாகவும் ஒரு பிரதி அனுப்புங்கள். ஆவணிக்குள் வருமா என்றால், சந்தேகம்தான். கன்டோன்மென்ட் கடையில் நகல் கிடைக்கும், வாங்க வேண்டாம். அசல் மெடலின் விளிம்பில் அவர் நம்பரும் பெயரும் வெட்டியிருக்கும்.

சுன்னாகத்தான்:
தங்கச்சி, எனக்கு அப்ப எட்டு வயது. இந்தியன் ஆமி என்றால் எங்கட வீட்டில் இன்னும் ஒருத்தரும் கதைக்க மாட்டினம். 87 ஐப்பசியில் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள்ள ஆமி சனத்தைச் சுட்டுக் கொன்றதை மறக்க ஏலாது. ஆனால் கண்ணிவெடி எடுத்தவருக்கு மெடல் குடுக்கிறதில் எனக்கு ஒரு கோபமும் இல்லை. எங்கட ஒழுங்கையிலும் யாரோ ஒருத்தர் முழங்காலில இருந்து கம்பியால குத்திக் குத்திப் பார்த்தவர்.

சேப்பர்மகள்:
அண்ணா, அப்பாவுக்கு முழங்கால் வலி கடைசிவரை இருந்தது. ஹவில்தார் ஐயா, நாளைக்கே பதிவுத் தபாலில் போட்டுவிடுகிறேன். ஆர்மி நம்பரில் கடைசி எழுத்து மட்டும் அழிந்திருக்கிறது, அதை எங்கே பார்ப்பது?

பழைய_ஹவில்தார்:
பென்ஷன் ஆர்டரில் இருக்கும் பாரும்மா.