வில்சன் ஸ்டீலர்ஸுக்கு "ஓசியில" வந்தாராம்! அந்த 12.1 லட்சம் டாலர் கணக்கைக் கொஞ்சம் பாப்போமா?

கேப்_கணக்கன்:
பக்கத்துத் திரியில மூணாவது_டவுன் அண்ணன் ஒரு முத்து உதிர்த்திருக்கார். 2024 மார்ச்சுல NFL-ல (அமெரிக்க ஃபுட்பால் லீக்) பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ், குவார்ட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துறவர்) ரசல் வில்சனை ஒரு வருஷத்துக்கு 12.1 லட்சம் டாலருக்கு, அதாவது ஓசியில தூக்கிடுச்சாம், ஜிஎம் (டீமுக்கு ஆள் எடுக்கற ஜெனரல் மேனேஜர்) ஓமர் கானுக்குச் சிலை வைக்கணுமாம்.

அந்த 12.1 லட்சம் டாலர் கான் பேரம் பேசி இறக்கின தொகையா? ஏழு சீசனும் அதுக்கு மேலயும் ஆடினவங்களுக்கு அந்த வருஷம் லீக் வச்சிருந்த அடிமட்டச் சம்பளம் அது. டென்வர் பிராங்கோஸ் அவரை வெளிய அனுப்பினாலும் 2024-க்கு 3.9 கோடி டாலர் தந்தே ஆகணும். ஒப்பந்தத்துல ஆஃப்செட் இருக்கு. புது டீம் தர்றது டென்வர் பில்லுல கழியும். வில்சன் 1 கோடி கேட்டிருந்தா டென்வர் 2.9 கோடி தந்திருக்கும். 12.1 லட்சத்துக்கு ஒத்துக்கிட்டதால டென்வர் தலையில 3 கோடியே 77.9 லட்சம். அவர் பைக்கு எப்படியும் அதே 3.9 கோடிதான். பிறகு எதுக்குக் கூடக் கேக்கப் போறார்? எந்த டீம் போய் நின்னிருந்தாலும் விலை இதுதான். இதுல கான் மூளை எங்க வேலை செஞ்சுச்சு?

மூணாவது_டவுன்:
வந்துட்டார்யா ஆடிட்டர். 2024 சேலரி கேப் (ஒரு டீம் மொத்தச் சம்பளத்துக்கு லீக் வைக்கற உச்சவரம்பு) 25.54 கோடி டாலர். அதுல 12.1 லட்சம் அரை சதவீதம்கூட இல்ல. இன்னொண்ணு, டென்வர் விடுவிச்ச ஆள்ங்கறதால காம்பன்சேட்டரி பிக் (ஆளை இழந்த டீமுக்கு, புது வீரர்களை வரிசையா எடுக்கற டிராஃப்ட்ல லீக் ஈடா தர்ற கூடுதல் வாய்ப்பு) கணக்குலயும் அவர் வர மாட்டார். அந்த வகையிலயும் செலவு பூஜ்யம். எல்லாருக்கும் அதே விலைன்னா, எடுத்துட்டு வந்தது யாரு? கான். ஓசிதான். இன்னொரு தடவை சொல்றேன், ஓசி.

டென்வர்_தாசன்:
காசு கட்டினது நாங்க, மார் தட்டுறது நீங்க. கல்யாணச் செலவு எங்களது, பந்தியில முதல் இலை உங்களுக்கு.

எங்களுக்கு விழுந்த டெட் மணி (ஆள் போன பிறகும் கேப்புல ஏறுற தொகை) 8.5 கோடி. ஜூன் 1-க்குப் பிந்தைய விடுவிப்புன்னு குறிச்சு, 2024-ல 5.3 கோடி, 2025-ல 3.2 கோடின்னு பிரிச்சோம். அப்பவும் அந்த வருஷ கேப்புல அஞ்சுல ஒரு பங்கு காலி. வேற வழியும் இல்ல. மார்ச் 17 வரை டீம்ல வச்சிருந்தா, அதுவரைக்கும் காயத்துக்கு மட்டும் உத்தரவாதமா இருந்த 2025 சம்பளம் 3.7 கோடியும் முழு உத்தரவாதம் ஆகியிருக்கும். இவ்வளவு அடியும் வாங்கி, டிராஃப்ட்ல 12-வது பிக்ல புது குவார்ட்டர்பேக் போ நிக்ஸை எடுத்து 10-7 (பத்து வெற்றி, ஏழு தோல்வி). நீங்க ஓசியில வாங்கியும் அதே 10-7.

மூணாவது_டவுன்:
தாசன், உங்க வயித்தெரிச்சலுக்கு நான் பொறுப்பில்ல. ரெண்டாவது வாரம் உங்க ஊருக்கே வந்து 13-6-ன்னு அடிச்சுட்டுப் போனது ஞாபகம் இருக்கா?

டென்வர்_தாசன்:
அன்னிக்கு ஆடினது நீங்க சிகாகோ பேர்ஸ்கிட்ட வாங்கின இன்னொரு குவார்ட்டர்பேக் ஜஸ்டின் ஃபீல்ட்ஸ். உங்க 12.1 லட்சம் கெண்டைக்கால் வலியோட பெஞ்சுல இருந்துச்சு.

பிளிட்ஸ்_பாண்டி:
எல்லாரும் 12.1 லட்சத்தையே புடிச்சுத் தொங்குறீங்க. வில்சன் வந்ததும் உங்க பழைய குவார்ட்டர்பேக் கென்னி பிக்கெட்டுக்கு மனசு விட்டுப்போச்சு, ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸுக்கு அனுப்பினீங்க. அதையும் சேருங்க.

2022-ல 20-வது பிக்ல எடுத்த பையன். டிராஃப்ட் இடங்களுக்கு மதிப்பு போடுற பழைய ஜிம்மி ஜான்சன் அட்டவணைல அந்த இடத்துக்கு 850 புள்ளி. ஈகிள்ஸுக்குக் கொடுத்தது பிக்கெட், கூடவே 120-வது பிக் (54 புள்ளி). வாங்கினது 98-வது பிக் (108 புள்ளி), 2025-ல ரெண்டு ஏழாவது ரவுண்டு. ஏழாவது ரவுண்டெல்லாம் சில்லறை. நிகரம் 54. ரெண்டே வருஷத்துல 850 ஆனது 54. இதுக்குப் பேரு ஓசியா?

மூணாவது_டவுன்:
பிக்கெட் ரெண்டு சீசன்ல போட்ட டச்டவுன் பாஸ் மொத்தம் 13. 2023 கடைசி மூணு மேட்சை ஜெயிச்சுக் கொடுத்தது மேசன் ருடால்ஃப். அந்த 850 எப்பவோ செத்துப்போச்சு, வில்சன் வந்ததால சாகல. "அடுத்த ராத்லிஸ்பெர்கர்"னு (ஸ்டீலர்ஸோட பழைய நட்சத்திர குவார்ட்டர்பேக்) 2022-ல பிக்கெட்டுக்குத் திரி போட்டது யாருன்னு இங்க எல்லாருக்கும் தெரியும் பாண்டி.

பிளிட்ஸ்_பாண்டி:
அந்தத் திரியில முதல் லைக் உங்களோடதுதாண்ணே.

அந்த பிக்கெட் கையில இப்ப சூப்பர் பவுல் மோதிரம் இருக்கு. வில்சன் ஆடின கடைசி அஞ்சு மேட்சும் தோல்வி, பிளேஆஃப்ல ரேவன்ஸ்கிட்ட 28-14. எதுக்கு ஃபீல்ட்ஸை மாத்தினீங்க? 4-2-ல இருந்த ஆளை ஏழாவது வாரம் உக்கார வச்சது அந்த 51 சதவீதத்துக்குப் பயந்துதான். ஃபீல்ட்ஸுக்காகப் பேர்ஸுக்குக் கொடுத்தது 2025 ஆறாவது ரவுண்டு பிக். ஃபீல்ட்ஸ் சீசன்ல 51 சதவீத ஸ்நாப் (பந்தை எடுத்து ஆடுற ஒவ்வொரு தடவையும் ஒரு ஸ்நாப்) ஆடினா அது நாலாவது ரவுண்டா ஏறும். கஞ்சத்தனம்.

கேப்_கணக்கன்:
பாண்டி, முதல்ல வகுத்தல் போடுங்க. 17-ல ஆறு மேட்ச் 35 சதவீதம். எட்டு ஆடினாலும் 47-தான். ஒன்பதாவது ஆடினாத்தான் 53. அப்படின்னா அடுத்து வந்த ஜெட்ஸ், ஜயன்ட்ஸ் ரெண்டு மேட்சும் தைரியமா ஆட வச்சிருக்கலாம்; நடுவுல ஒரு வாரம் லீவு, பிறகு வர்ற கமாண்டர்ஸ் மேட்ச்தான் ஒன்பதாவது. பயந்திருந்தா அங்கதான் நிறுத்தியிருப்பாங்க. வில்சனுக்குத்தான் முதலிடம்னு கோச் டாம்லின் சீசனுக்கு முன்னாடியே சொல்லிட்டார். ஜூலை கேம்ப்ல ஸ்லெட் (பயிற்சிக்கான பளு வண்டி) தள்ளும்போது வில்சனுக்குக் கெண்டைக்கால் புடிச்சுக்கிட்டதாலதான் ஃபீல்ட்ஸுக்கு வாய்ப்பே வந்துச்சு.

நிஜச் செலவு வேற இடத்துல. ரெண்டு பேரும் ரெண்டு விதமான ஆட்டம். ஃபீல்ட்ஸ்னா ஷாட்கன்ல (பந்தை எடுத்துக் கொடுக்கற சென்டருக்குச் சில கஜம் தள்ளி) நின்னு, லைன்ல தடுக்கற கார்டு புல் பண்ணி (இடம் மாறி) வர, குவார்ட்டர்பேக்கே ஓடுற ஆட்டம். வில்சன்னா சென்டருக்குப் பின்னாடியே ஒட்டி நின்னு, ரன் மாதிரி காட்டிட்டு, ஓரக்கோட்டுல ரிசீவர் ஜார்ஜ் பிக்கென்ஸுக்கு உயரமா ஒரு பந்து. ஆள் உயரம் 5 அடி 11 அங்குலம், நடு மைதானத்துக்குப் பெருசா வீசவே மாட்டார். அதைத் தெரிஞ்சுக்கிட்ட டிஃபன்ஸ் ரெண்டு சேஃப்டியையும் (கடைசியில நின்னு காக்கறவங்க) ஓரத்துக்குத் தள்ளி நிறுத்திட்டா ஆட்டம் முடிஞ்சுது. டிசம்பர்ல நடந்தது அதுதான்.

கேம்ப்ல முதல் அணி ரெப்ஸ் (பயிற்சி வாய்ப்புகள்) ஒருத்தருக்கே போகணும். இங்க வில்சன் காலைப் புடிச்சுக்கிட்டு உக்காந்ததால அது ஃபீல்ட்ஸுக்குப் போச்சு, பிறகு அக்டோபர்ல நேர்மாறா. சென்டர் ஜாக் ஃப்ரேசியர் முதல் வருஷப் பையன். ரெண்டு பேரோட குரலுக்கும், பந்தை எடுக்கச் சொல்ற "ஹட்" எப்ப வரும்ங்கற தாளத்துக்கும் அவன் பழகணும். லைன் ஒரு நொடியில பாதி பிந்தினாலே சாக்தான் (பந்தை வீசறதுக்கு முன்னாடியே குவார்ட்டர்பேக்கை வீழ்த்திடுவாங்க). இந்தச் செலவு எந்த கேப் ஷீட்லயும் வராது. நீங்க 12.1 லட்சம்னு சொல்லிட்டே இருங்க.

மூணாவது_டவுன்:
சொல்லிட்டேதான் இருப்பேன். 12.1 லட்சம். வில்சன் முதல் ஏழு மேட்ச்ல 6-1. ஜெட்ஸை 37-15. அந்த நவம்பர்ல உங்க தாளமும் ஹட்டும் எங்க போச்சு?

கேப்_கணக்கன்:
நவம்பர்ல கோப்பை கொடுக்கறதில்ல அண்ணே.

ஒரு வருஷ ஒப்பந்தத்தோட மறுபக்கம் தெரியுமா? ஆள் நல்லா ஆடினா விலை ஏறிடும், ஆடலைன்னா சீசன் போச்சு. டீம் கையில எதுவும் மிஞ்சாது. ஃபீல்ட்ஸோட அஞ்சாவது வருஷ ஆப்ஷன் (ஒப்பந்தத்தை ஒரு வருஷம் நீட்டிக்கற உரிமை) ஏறத்தாழ 2.57 கோடி, அதை எடுக்கல. சரி, அது நியாயம். ஆனா 2025 மார்ச்சுல என்ன ஆச்சு? ஃபீல்ட்ஸ் ரெண்டு வருஷத்துக்கு 4 கோடின்னு ஜெட்ஸுக்குப் போயிட்டார், வில்சன் ஜயன்ட்ஸுக்கு. பிக்கெட் ஏற்கெனவே இல்ல. பன்னிரண்டே மாசத்துல குவார்ட்டர்பேக் அறை காலி. ருடால்ஃபைத் திருப்பிக் கூப்பிட்டு, ஜூன் வரை ஆரன் ராட்ஜர்ஸ் வாசல்ல காத்துக் கிடந்து 1.365 கோடிக்குக் கையெழுத்து. ஓசிச் சாப்பாட்டுக்கு அடுத்த வருஷம் வந்த பில் அது.

மூணாவது_டவுன்:
ராட்ஜர்ஸ் 1.365 கோடியும் அந்த இடத்துக்கு மலிவுதான்! வருஷத்துக்கு 5 கோடி வாங்குற குவார்ட்டர்பேக்குகளை வச்சுக்கிட்டு வீட்ல உக்காந்திருக்கற டீம்களைப் பாருங்க.

டென்வர்_தாசன்:
வில்சன் எங்களுக்கு எப்படி வந்தார்னு யாராவது பேசுங்களேன். 2022-ல ரெண்டு முதல் ரவுண்டு, ரெண்டு ரெண்டாவது ரவுண்டு, ஒரு அஞ்சாவது, மேல மூணு வீரர்கள்.

பிளிட்ஸ்_பாண்டி:
அதைப் பேசினா நீங்க அழுவீங்க தாசன். 51 சதவீதத்துக்கு இன்னும் எனக்கு ஒழுங்கான பதில் வரல.

கேப்_கணக்கன்:
வகுத்தே காட்டியாச்சு. கால்குலேட்டர் வேணுமா?

பிளிட்ஸ்_பாண்டி:
மீதி மேட்ச்ல வில்சன் காயம்பட்டு, ஃபீல்ட்ஸ் நடுவுல இறங்கினா அந்த ஸ்நாப்பும் சேருமே. முன்கூட்டியே நிறுத்தினாத்தான் பத்திரம். உங்க வகுத்தல்ல அது எங்க?

மூணாவது_டவுன்:
பாண்டி, நாலாவது ரவுண்டு பிக்குக்காகப் பிளேஆஃப் போற டீம் குவார்ட்டர்பேக்கை மாத்தும்னு நம்புற ஆளோட நான் பேசறதா இல்ல. கணக்கன் மட்டும் சொல்லட்டும்: 12.1 லட்சத்துக்கு அந்த மார்ச்சுல வேற யாரை எடுத்திருப்பீங்க? ஒரு பேரு. ஒரே ஒரு பேரு.

கேப்_கணக்கன்:
கேள்வியே தப்பு. பிக்கெட்டோட அறையில ஃபீல்ட்ஸை மட்டும் சேர்த்து, மார்ச்சுல இருந்தே முதல் அணி ரெப்ஸை அவருக்குக் கொடுத்திருந்தா...

மூணாவது_டவுன்:
பேரு கேட்டேன். கட்டுரை கேக்கல.