பந்து பிடிக்காத பையனை மைதானத்துக்குத் தள்ளலாமா?

மடிப்பாக்கம் அப்பா:
மகனுக்குப் பத்து வயது. கிரிக்கெட், கால்பந்து, கபடி எதுவும் வேண்டாம் என்கிறான். கோடை முகாமில் சேர்த்தால் தினமும் வயிற்றுவலி. கட்டாயப்படுத்தலாமா, விட்டுவிடலாமா?

பழைய பி.டி. வாத்தியார்:
விட்டுவிடாதீர்கள் சார். முதல் மாதம் எல்லாப் பிள்ளையும் அழும். குழு விளையாட்டில்தான் தோற்கப் பழகுவான், நாலு பேரோடு ஒத்துப்போவான். வீட்டில் உட்காரவிட்டால் போனும் கையுமாக ஆகிவிடுவான்.

தேனி செல்வி:
ஐயா, ஆள் பிரிக்கும்போது தினமும் கடைசியாக மிஞ்சுகிற பிள்ளை எதைப் பழகும்? ஒப்புக்குச் சப்பாணியாக எல்லைக்கோட்டில் நிறுத்துவார்கள். பந்து அந்தப் பக்கம் இரண்டு தடவை வந்தால் பெரிது. அதை உடற்பயிற்சி என்று சொல்ல மனம் வரவில்லை. என் மகள் பறை வகுப்புக்குப் போகிறாள். கையில் அடி, காலில் அடவு, இரண்டும் ஒன்றாகப் போக வேண்டும். அரை மணியில் சட்டை நனைந்துவிடும். யாரும் அவுட் ஆவதில்லை.

பழைய பி.டி. வாத்தியார்:
பறை கலை அம்மா, விளையாட்டு அல்ல.

தேனி செல்வி:
உடம்புக்கு அந்த வித்தியாசம் தெரியுமா ஐயா? உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல், 5 முதல் 17 வயது வரை நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்கும்படி உடல் அசைய வேண்டும் என்கிறது. வாரம் 3 நாளாவது எலும்பும் தசையும் வலுப்பெறும் வேலை வேண்டும் என்கிறது. பந்து வேண்டும் என்று சொல்லவில்லை.

விழுப்புரத்துக்காரன்:
நடுவில் நுழைகிறேன். பந்தைக் கண்டு ஒதுங்கும் பிள்ளைகள் எங்கள் ஊரில் மல்லர் கம்பத்தில் சரசரவென ஏறுகிறார்கள். சிலம்பமும் நல்லதுதான், காலடி பழகும்போதே வேர்த்துவிடும். ஆனால் செல்வி அக்கா, இங்கேயும் கொஞ்ச நாளில் போட்டி, மெடல், சான்றிதழ் என்று ஆரம்பித்துவிடும். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் சிலம்பம் காட்சிப் போட்டியாக வந்தது. இப்போது சேர்க்க வருகிற பெற்றோர் 'வேலைக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டா உண்டா?' என்றுதான் முதலில் கேட்கிறார்கள். பையனுக்குப் போட்டி வேண்டாம் என்றால் ஆசானிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

பழைய பி.டி. வாத்தியார்:
சிலம்பம் சரி, எதிரே நின்று ஆட ஒரு ஆளாவது வேண்டுமே. ஆனால் எல்லா ஊரிலும் ஆசான் கிடைப்பாரா? ஃபீஸ் வேறு. பள்ளி மைதானம் இலவசம்.

தேனி செல்வி:
இலவசம்தான், பி.டி. பீரியடைக் கணக்கு டீச்சர் விட்டுக்கொடுத்தால்!

மடிப்பாக்கம் அப்பா:
பையனிடமே கேட்டேன். சைக்கிளில் ஏரிக்கரை வரை போக வேண்டுமாம். பக்கத்து வீட்டுப் பையனும் வருகிறான். இது கணக்கில் வருமா ஐயா?

பழைய பி.டி. வாத்தியார்:
கரையில் உட்கார்ந்து போன் பார்க்காவிட்டால் வரும். மிதிக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த வேகம் போதும். அதற்காகக் கிரிக்கெட் மட்டையை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள் சார்.