ரொறன்ரோ புல்தரைக்கு ஆவணிதான் பட்டம்

(வளவுக்காரன், புதுவீடு, பந்துத்திடல், செல்வி என்ற பெயர்களில் நாலு பேர் பேசிக்கொண்டது)

வளவுக்காரன்:
மே பிறந்தால் கடை வாசல்களில் புல்விதைப் பை மலைபோல் அடுக்கியிருக்கும். ஆட்கள் அள்ளிக்கொண்டு போய்த் தூவுவார்கள். ஜூன் முடியும்வரை பார்க்க வடிவாக இருக்கும். ஜூலையில் 30 பாகை வெயில் நாலு நாள் சேர்ந்து அடித்தால் எல்லாம் வைக்கோல். விதையில் பிழை இல்லை. இளம் புல்லின் வேர் அதற்குள் இரண்டு மூன்று சென்ரிமீற்றர்தான் இறங்கியிருக்கும், மேல்மண் காய அதுவும் காயும். போதாததற்கு கிராப்கிராஸ் என்கிற களைப்புல் முளைக்கிறதும் அதே காலத்தில்தான். மண் 13 பாகையைத் தொட்டதும் கிளம்பிவிடும். நீங்கள் விட்ட தண்ணியும் போட்ட பசளையும் அதுக்குத்தான் போகும்.

ஊரில் 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பார்கள். இங்கே அது ஆவணி: ஓகஸ்ட் நடுப்பகுதியிலிருந்து செப்ரெம்பர் 20 மட்டும். மண்ணில் கோடைச் சூடு மிச்சம் இருக்கும், இரவு குளிரும், விடியப் பனி நனைக்கும். முதல் உறைபனியோடு கிராப்கிராஸ் தானாகச் செத்துப்போகும்.

செய்கிற ஒழுங்கு இது. புல்லை 4 சென்ரிமீற்றருக்கு வெட்டி, காய்ந்ததை வறண்டி எடுங்கள். மண்ணை உருளையாகப் பிடுங்கிப் போடுகிற மெஷினை வாடகைக்கு எடுத்து இரண்டு திசையிலும் ஓட்டுங்கள். ஆணி குத்துகிற சப்பாத்து வேண்டாம், அது ஓட்டையைச் சுற்றி மண்ணை இன்னும் இறுக்கும். பிடுங்கின மண்ணை அங்கேயே விடலாம், மழைக்குக் கரையும். அதற்குமேல் 1 சென்ரிமீற்றருக்கு மேற்படாமல் கொம்போஸ்ட், பிறகு விதை. வெறும் மண் என்றால் 100 சதுர மீற்றருக்கு கென்டக்கி புளூகிராஸ் 1 முதல் 1.5 கிலோ, ரைகிராஸ் அல்லது டோல் ஃபெஸ்க்யூ 3 முதல் 4 கிலோ. இருக்கிற புல்லுக்கு மேலே தூவுவதானால் பாதி போதும். புளூகிராஸ் விதை பொடிப்பொடியாக இருக்கும், அதனால்தான் எடை குறைவு. காலால் மிதித்து விட்டாலே மண்ணோடு ஒட்டும்.

கலவைப் பையில் ஒரு பொறி இருக்கிறது. ரைகிராஸ் ஆறு ஏழு நாளில் முளைத்துவிடும். பச்சை தெரிந்ததும் ஆட்கள் தண்ணியை நிறுத்துவார்கள். புளூகிராஸுக்கு இரண்டு கிழமை, சிலநேரம் நாலு கிழமையும் ஆகும். வாய் திறந்த விதை அந்த இடைவெளியில்தான் காய்ந்து சாகிறது. அடுத்த வருஷம் 'புளூகிராஸ் வாங்கினேன், ரைகிராஸ்தான் நிற்குது' என்று கடைக்காரனைத் திட்டுவது. பச்சை தெரிந்த பிறகும் மூன்று கிழமைக்கு நாளுக்கு இரண்டு தரம், மேல்மண் மட்டும் ஈரமாக இருக்கிறமாதிரி விடுங்கள்.

புதுவீடு:
அண்ணன் சொன்னது பழைய வீட்டுக்குச் சரி. டொராண்டோவுக்கு வெளியே மார்க்கம், ஏஜாக்ஸ் பக்கம் புதுசா கட்டுற வரிசை வீடுகளில் பிரச்சினை விதைக்கு முன்னாடியே தொடங்குது. வீடு கட்டும்போது மேல்மண்ணை வழிச்சு எடுத்துடுவாங்க. கனரக வண்டி ஏறி இறுகிப்போன களிமண் மேல கொஞ்சமா மண் தூவி, சுருள் புல்லை விரிச்சிட்டுப் போயிடுவாங்க. மழை பெய்ஞ்ச மறுநாள் ஸ்க்ரூடிரைவரைக் குத்திப் பாருங்க. 10 சென்டிமீட்டர் இறங்கலைன்னா புல்லோட வேரும் இறங்காது. மேல்மண் 10 முதல் 15 சென்டிமீட்டர் வேணும். விரிச்ச மூணாவது வாரம் ஓரத்தைப் பிடிச்சு மெதுவா இழுத்தா கையோட வரக் கூடாது.

ஒட்டி வளர்ந்த புல்லே ஒரு வருஷம் கழிச்சு ஜமக்காளம் மாதிரி சுருட்டிக்கிட்டு வந்தா கதை வேற, அது புழு. ஒரு சதுர அடி வெட்டிப் புரட்டுங்க. வெள்ளையா, பழுப்புத் தலையோட, 'C' வடிவில் சுருண்டு கிடக்கும். ஐரோப்பிய சேஃபர் வண்டோட புழு அஞ்சு பத்துக்கு மேல இருந்தா நடவடிக்கை எடுக்கணும். அதுக்குள்ள ஸ்கங்க்கும் ரக்கூனும் ராத்திரியில வந்து தோண்டிக் காட்டிக் கொடுத்திருக்கும். 2009 ஏப்ரலிலிருந்து ஒன்டாரியோவில் வீட்டுப் புல்லுக்கு ரசாயனப் பூச்சிக்கொல்லி அடிக்க முடியாது. அந்த வண்டுப் புழுவைக் கொல்லுற நுண்ணிய நூற்புழுதான் (நெமடோட்) வழக்கமான வழி. 'ஹெட்டரோராப்டிடிஸ் பாக்டீரியோஃபோரா'ன்னு பாக்கெட்டில் போட்டிருக்கான்னு பாருங்க. உயிருள்ள சரக்கு, ஃபிரிட்ஜில் வைக்கணும், காலாவதித் தேதி முக்கியம். ஆகஸ்ட் கடைசி, செப்டம்பரில், சாயங்காலம், மண்ணை முதல்லயே நனைச்சு வெச்சு அடிங்க. ஸ்பிரேயரில் இருக்கிற சல்லடையைக் கழட்டிடணும், இல்லைன்னா நூற்புழு அதுலேயே நின்னுடும். அடிச்ச பிறகும் தண்ணி. மண் 15 டிகிரிக்குக் கீழ போனா வேலை செய்யாது. மே மாசம் அடிச்சிட்டு 'பலனே இல்லை'ன்னு சொல்றவங்க அதிகம். அப்போ வண்டுப் புழு பெருத்திருக்கும், நூற்புழுவுக்கு அசைஞ்சு கொடுக்காது.

பந்துத்திடல்:
சுருட்ட வராது, ஆனால் வெயில் படுகிற ஓரம் மட்டும் ஜூலையில் காய்கிறது, தண்ணி விட்டும் தேறவில்லை என்றால் புல்லின் சாற்றை உறிஞ்சுகிற சின்ச் பூச்சியைத் தேடுங்கள். இரண்டு பக்கமும் திறந்த தகரப்பேணியைப் பச்சையும் மஞ்சளும் சேரும் இடத்தில் மண்ணுக்குள் அழுத்தி, தண்ணி ஊற்றி, ஐந்து நிமிடம் பாருங்கள். இருந்தால் மிதந்து வரும். செத்த இடத்தின் நடுவில் தேடிப் பிரயோசனம் இல்லை, அது சாப்பிட்டு முடித்த இடம்.

திடலைப் பற்றி இரண்டு வார்த்தை. கோல் வாசலில் புல் நிற்பதில்லை என்ற முறைப்பாடு எல்லா விளையாட்டுக் கழகத்திலும் உண்டு. புளூகிராஸ் மண்ணுக்குக் கீழே தண்டு ஓட்டித் தானாக மூடும், ஆனால் ஆறுதலாக. ரைகிராஸ் குத்தாக நிற்கும், பரவாது, ஆனால் கெதியாக எழும்பும். ஆகவே திடல் முழுக்க புளூகிராஸ், தேய்கிற இடத்துக்கு மட்டும் ரைகிராஸ். போட்டிக்கு முதல் நாள் கோல் வாசலில் விதையைத் தாராளமாகத் தூவிவிடுங்கள், சப்பாத்து ஆணியே அதை மண்ணுக்குள் தள்ளும். கிழமைக்கு ஒருக்கா இதைச் செய்யலாம். முழுக்க ரைகிராஸ் போட்டால், பனி உருகி ஐஸாகத் தேங்குகிற வருஷம் பள்ளமான இடமெல்லாம் போய்விடும்.

விம்பிள்டனில் 2001 முதல் நூறு வீதமும் ரைகிராஸ்தான், போட்டிக்கு 8 மில்லிமீற்றரில் வெட்டுகிறார்கள். அதைப் பார்த்துவிட்டு வீட்டில் மெஷினை அடிமட்டத்துக்கு இறக்குகிறவர்களும் இருக்கிறார்கள். வீட்டுக்கு 6 முதல் 8 சென்ரிமீற்றர். ஒரு வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம்.

செல்வி:
ரை எது, புளூ எது என்று பார்த்தவுடன் சொல்ல முடியுமா?

வளவுக்காரன்:
சொல்லலாம் தங்கச்சி. இலை நுனியைப் பாருங்கோ: வள்ளத்தின் முன்பக்கம் மாதிரிக் குவிந்து, நடு நரம்பின் இரண்டு பக்கமும் வெளிர்கோடு ஓடினால் புளூகிராஸ். நுனி கூராகப் போய், இலையின் அடிப்பக்கம் எண்ணெய் தடவினதுபோல் மினுங்கி, தண்டின் அடி சிவந்திருந்தால் ரைகிராஸ். மேப்பிள் மர நிழலில் இரண்டுமே இளைக்கும். அங்கே மெல்லிய இலை ஃபெஸ்க்யூ (fine fescue) போடுங்கோ, பசளை குறைவாக.

செல்வி:
ஏப்ரலில் பனி உருகியதும் சாம்பல் வட்டம் வட்டமாக, சிலந்திவலை ஒட்டினமாதிரி இருக்கு.

புதுவீடு:
பனிப் பூஞ்சணம். தரை காய்ஞ்சதும் மெல்ல வறண்டி விடுங்க, காத்து பட்டாப் போதும், மருந்து வேண்டாம். அடுத்த தடவை கடைசி வெட்டு 5, 6 சென்டிமீட்டரில் இருக்கட்டும், மேல இலைச்சருகு கிடக்கக் கூடாது. ரோட்டோரம் மட்டும் கருகியிருந்தா அது உப்பு, நல்லாத் தண்ணி விட்டுக் கழுவி இறக்கிட்டு விதைங்க.

பந்துத்திடல்:
பசளைக் கணக்கு: 100 சதுர மீற்றருக்கு ஒரு தடவையில் நைதரசன் அரைக் கிலோ. பையில் முதல் இலக்கம் (நைதரசன் வீதம்) 25 என்றால் 2 கிலோ பசளை. செப்ரெம்பரில் ஒன்று, கடைசி வெட்டு முடிந்து புல் இன்னும் பச்சையாக இருக்கும்போது ஒன்று. ஜூலையில் போடாதீர்கள். புல் மஞ்சளாகி உறங்குகிறது, சாகவில்லை. இரண்டு மூன்று கிழமைக்கு ஒருக்கா ஒரு சென்ரிமீற்றர் தண்ணி கிடைத்தால் அடிக்குருத்து உயிரோடு கிடக்கும், மழைக்குத் திரும்பிவிடும்.

புதுவீடு:
ஒண்ணு விட்டுப்போச்சு. களை முளைக்காம இருக்க சோளப் புரதத் தூள் விக்கிறாங்களே, அதைப் போட்டா ஆறு வாரத்துக்கு விதைக்காதீங்க. அது கிராப்கிராஸ் விதை, நம்ம விதைன்னு பார்க்காது.