பழைய பைக் சைடு பேனல், லெக் ஷீல்டு: ஒட்டினதில் எது நின்றது, எது மறுபடி விட்டது

டூஸ்ட்ரோக் கோவை:

யமஹா ஆர்எக்ஸ் 100 சைடு பேனல். ரப்பர் புஷ்ஷுக்குள் போகும் முளை வேரோடு போயிருந்தது, அங்கிருந்து ஒரு விரிசல் கிளம்பி விளிம்பு வரை ஓடியிருந்தது. இந்த வண்டி வைத்திருக்கும் எல்லாருக்கும் தெரிந்த உடைசல்தான்.

மனசை விட்டுப் போகாதது ஒரே ஒரு காட்சி. பேனல் வருஷக்கணக்கில் வெயிலில் கிடந்து முறுக்கிக்கொண்டிருந்தது. விரிசலின் இரண்டு விளிம்பும் சமமாக உட்காரட்டும் என்று கிளாம்ப் போட்டு, வளைத்து இறுக்கி வைத்திருந்தார்கள். பிரஷ்ஷில் அசிட்டோன் தொட்டு விரிசலில் ஓடவிட்டதும், முளை இருந்த இடத்தைச் சுற்றி நாலைந்து புது மயிரிழைக் கோடுகள் கண்முன்னாலேயே ஓடின. ஒட்ட வந்த விரிசல் ஒன்று, ஒட்டி முடிப்பதற்குள் அரை டஜன்.

இந்தப் பேனல் ஏபிஎஸ் என்கிற பிளாஸ்டிக். அது இழுபட்டு நிற்கும்போது கரைப்பான் பட்டால் அப்படித்தான் பிளக்கும். பெட்ரோல் சொட்டுகிற கார்புரேட்டர் பக்கத்து பேனலும் பிரேக் ஆயில் பட்ட பேனலும் தானாக விரிசல் விடுவதும் இதனால்தான். அதனால் முதலில் முறுக்கை எடுங்கள். 80 டிகிரி வெந்நீரில் சில நிமிஷம் வைத்து, வண்டியிலேயே அல்லது நல்ல பேனல் ஒன்றின் மேல் சாய்த்து, ஆறும்வரை கையை எடுக்காமல் பிடியுங்கள். கிளாம்ப் இல்லாமலே விளிம்புகள் ஒட்டி நிற்க வேண்டும். அப்புறம்தான் அசிட்டோன் டப்பாவைத் திறக்கலாம்.

விரிசல் முடிகிற நுனியில் 2 மி.மீ. ஓட்டை. பின்பக்கம் வி வடிவத்தில் பள்ளம், 3 மி.மீ. கனத்தில் 2 மி.மீ. ஆழம். முன்பக்கம் பெயின்ட் போகுமளவுக்குச் சுரண்டினால் போதும். நிரப்ப, அசல் ஏபிஎஸ் சீவல் 10 கிராமுக்கு 20 மில்லி அசிட்டோன், கண்ணாடி பாட்டில், இரும்பு மூடி, ஒரு ராத்திரி. காலையில் தேன் பதத்தில் இருக்கும். தண்ணியாக இருந்தால் சீவல் சேர்க்கணும், கட்டியாக இருந்தால் சொட்டுச் சொட்டாக அசிட்டோன். சீவலுக்கு, பழைய வண்டி பாகம் விற்கிற சென்னை புதுப்பேட்டை மாதிரி இடத்தில் உடைந்த ஏபிஎஸ் பேனல் ஒன்று வாங்குங்கள், அல்லது 3டி பிரின்டருக்கு விற்கிற 1.75 மி.மீ. ஏபிஎஸ் கம்பி.

ஒரே தடவையில் பள்ளத்தை நிரப்பாதீர்கள். மேல்தோல் காய்ந்துவிடும், உள்ளே அசிட்டோன் மாட்டிக்கொண்டு கொப்புளமாகும். ஒரு மி.மீ.க்கு ஒரு பூச்சு, நடுவில் ஒரு நாள். காயக் காயச் சுருங்கும், அதனால் கடைசிப் பூச்சு மேட்டாகவே நிற்கட்டும். எமரி போடும் முன் நகத்தால் அழுத்திப் பாருங்கள். தடம் விழுந்தால் இன்னும் காயவில்லை.

யாழ் சி70:

அண்ணை, நீங்கள் சொன்னது ஏபிஎஸ்ஸுக்குச் சரி. ஆனால் வாசிக்கிற ஆள் எல்லாப் பிளாஸ்ரிக்கையும் அசிற்றோனில் குளிப்பாட்டப் போகிறார். ஹொண்டா சி70 லெக் ஷீல்டில், அதாவது காலுக்கு முன்னால நிக்கிற மறைப்பில, இது ஒரு துளியும் வேலை செய்யாது. 1958இல் சி70இன்ர முன்னோடியான முதல் சூப்பர் கப் வந்தபோதே அதின்ர லெக் ஷீல்டு பொலிஎதிலீன். அந்தக் குடும்பத்துப் பிளாஸ்ரிக்கில் அசிற்றோன் தண்ணி மாதிரி வழிஞ்சு ஓடும். எப்பொக்சியும் பிடிக்காது, சூப்பர் குளூவும் பிடிக்காது.

என்ர கண்ணுக்குள்ள நிக்கிறது எப்பொக்சி போட்ட ஒரு லெக் ஷீல்டு. உள்பக்கம் கண்ணாடி நார்த்துணி வைச்சு, எப்பொக்சி ஊத்தி, பாக்க இரும்பு மாதிரி இருந்தது. ஒரு மூலையில நகத்தை விட்டுக் கிளப்ப, முழு ஒட்டும் ஒரே தகடாகக் கையோட வந்திட்டுது. அடியில இருந்த பிளாஸ்ரிக் பளபளவென்று, எதுவும் ஒட்டின அடையாளமே இல்லை.

பழைய பேனல்களில அநேகமாக என்ன பிளாஸ்ரிக் என்ற குறி இராது. உள்விளிம்பில ஒரு சீவல் வெட்டித் தண்ணிக்குள்ள போடுங்கோ. அடியில தாண்டால் ஏபிஎஸ்ஸாக இருக்கலாம், அசிற்றோன் தொட்டுப் பிசுபிசுத்தால் அநேகமாக அதுதான். மிதந்தால் பொலிப்ரொப்பிலீன் அல்லது பொலிஎதிலீன். நகத்தால் கீறக் கோடு விழுந்து, தொட மெழுகு மாதிரி வழுவழுப்பாக இருந்தால் பொலிஎதிலீன். பெயின்ற் இல்லாத சீவலாக எடுக்கவேணும், இல்லாட்டி சோதனை பொய் சொல்லும்.

மிதக்கிறதுக்கு நல்ல வழி உருக்கி ஒட்டுறதுதான். அதே இனப் பிளாஸ்ரிக் கம்பி வேணும், பொலிப்ரொப்பிலீனும் பொலிஎதிலீனும் ஒன்றோடொன்று சேராது. கம்பியின்ர நுனியை உருக்கிப் பேனலின்ர உள்பக்கத்தில ஒட்டி, ஆற விட்டுக் குறட்டால இழுங்கோ. சுத்தமாகக் கழண்டு வந்தால் கம்பி பிழை. பேனலின்ர சதையையும் பிய்ச்சுக்கொண்டு வந்தால் கம்பி சரி. வெயிலில வெளிறின மேல்தோலைக் கத்தியால சீவி எடுக்க வேணும், அந்த வெளிறல் உருகிச் சேராது.

லெக் ஷீல்டு பிளக்கிறது போல்ற் துளையில இருந்துதான். துளையைத் திருத்தாமல் விரிசலை மட்டும் ஒட்டினால் பக்கத்தில இன்னொன்று வரும். துளைக்குள்ள ஒரு உலோகக் காலர் (சின்னக் குழாய்த் துண்டு) வையுங்கோ, அதின்ர நீளம் பிளாஸ்ரிக் கனத்தைவிட 0.3 மி.மீ. கூட இருக்கட்டும். போல்ற் காலரில இறுகும், பிளாஸ்ரிக் நசியாது. மேல ஒரு அகல வாஷர்.

மதுரைப் பட்டறை:

மேலே இரண்டு பேரும் ஒட்டுவதைப் பற்றியே பேசுகிறீர்கள். பேனல் ஏன் உடைந்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கோவைக்காரரே, முளை வேரோடு வந்ததற்குக் காரணம் பிளாஸ்டிக் இல்லை, ரப்பர் புஷ். முப்பது வருஷத்து ரப்பர் கல்லாகிப் போயிருக்கும். பேனலைக் கழற்றும்போது ஒரு மூலையைப் பிடித்து இழுத்தால் பேனல் சாயும், முளை சாயாது, அடியில் முறியும்.

ஒருமுறை ஃபிரேமிலிருந்து எடுத்த புஷ் ஒன்றைத் திருப்புளியால் தட்டிப் பார்த்ததில் டக்கென்று சத்தம் கேட்டது. ரப்பரில் அந்தச் சத்தம் வரவே கூடாது. உள்ளே போன முளையின் தலை அதற்குள்ளேயே தங்கியிருந்தது. பேனலில் புது முளை அற்புதமாகக் கட்டியிருந்தார்கள், மாட்டின முதல் தடவையே அதுவும் போயிருந்தது.

கேட்காவிட்டாலும் சொல்கிறேன், ஏனென்றால் வரிசை மாறினால் வேலை வீண். முதலில் புது ரப்பர் புஷ் வாங்குங்கள். அதன் உள்துளையை வெர்னியரில் அளந்த பிறகே முளை கட்டத் தொடங்குங்கள். முளையின் கழுத்து துளைக்கு ஒட்டினாற்போல, தலை துளையைவிடச் சற்றே பெரிசாக இருக்க வேண்டும். தலை ரொம்பப் பெரிதானால் மாட்டும்போது போகும், சின்னதானால் ஓட்டத்தில் பேனலே ரோட்டில் விழும். நல்லாயிருக்கும் இன்னொரு முளையை அளந்து அதே அளவுக்கு வையுங்கள்.

முளைக்கு உள்ளே எலும்பு வேண்டும். சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி 2 மி.மீ., எஃகு, அதற்கு மேல் எதுவும் தேவையில்லை. முளையின் அடிக்கட்டையில் 1.8 மி.மீ. ஓட்டை போட்டு, கம்பியைச் சுடவைத்து உள்ளே இறக்குங்கள். பேனலின் முன்முகம் வரை போய்விடக் கூடாது, ஒரு மி.மீ. மிச்சம் இருக்கட்டும். கம்பியின் மேல் எமரி இழுத்துச் சொரசொரப்பாக்கினால் நல்ல பிடிப்பு. அதைச் சுற்றி முளையைக் கட்ட, நல்ல முளையை சிலிகான் ரப்பரில் அச்செடுத்து அதில் எப்பாக்சி ஊற்றலாம். கோவைக்காரர் சொன்ன ஏபிஎஸ் கரைசலை மூடின அச்சில் ஊற்றாதீர்கள், அசிட்டோன் வெளியேற வழியில்லாமல் வாரக்கணக்கில் கொழகொழவென்றே இருக்கும். எப்பாக்சியிலும் 5 நிமிஷத்தில் இறுகுகிற ரகம் வேண்டாம். வண்டிச் சூட்டில் சீக்கிரம் இளகும். ராத்திரி முழுக்க எடுத்துக்கொள்கிற மெதுவான ரகம்தான் தாங்கும். முளை வேரில் கூர்மையான மூலை இல்லாமல் சுற்றிலும் சரிவாக ஏற்றுங்கள், முறிவு தொடங்குவது அந்த மூலையில்தான்.

சூப்பர் க்ளூவும் சமையல் சோடாவும் போட்டு முளை நிறுத்துகிற வழக்கம் பரவிக்கிடக்கிறது. நொடியில் கல்லாகும், உண்மை. கல்லாகிறதுதான் கோளாறே. டூஸ்ட்ரோக் அதிர்வில் கல் நிற்காது. தவிர, அடுத்து முறையாக ஒட்ட வருகிறவர் அதை முழுக்கச் சுரண்டி எடுக்க வேண்டும். அசிட்டோனில் கரைக்கப் போனால் பேனலும் சேர்ந்து கரையும்.

மாட்டும்போது புஷ்ஷில் சோப்புத் தண்ணி அல்லது சிலிகான் கிரீஸ். எஞ்சின் ஆயிலும் பெட்ரோலும் ரப்பரை ஊத வைக்கும். கழற்றும்போது முளைக்கு நேர் பின்னால் விரல் விட்டு நேராகத் தள்ள வேண்டும், ஒரு முளை முடிந்து அடுத்தது.

ஈப்போ ஆர்எக்ஸ்இசட்:

மதுரை அண்ணா சொன்னதில் ஒன்று விட்டுப்போச்சு. நீளமான விரிசலுக்கு, கம்பியைச் சூடாக்கிப் பிளாஸ்டிக்குக்குள் இறக்குகிற ஹாட் ஸ்டேப்ளர்தான் வேகம். விரிசலுக்குக் குறுக்கே 10 முதல் 15 மி.மீ. இடைவெளியில், பின்பக்கத்திலிருந்து, கனத்தில் பாதி ஆழம் வரை. கம்பி சிவக்க விடக்கூடாது. பிளாஸ்டிக் பழுப்பாகிப் புகைந்தால் அந்த இடம் கருகிவிட்டது, பலம் கிடையாது. கம்பி இறங்கியதும் பட்டனை விட்டு, ஆறும்வரை அசையாமல் பிடிக்கணும்.

ஒருமுறை பார்த்த ஒரு பேனலில் வெள்ளை பெயின்ட்டுக்கு மேலே விரிசல் பாதை முழுக்க துருக்கறை புள்ளிப் புள்ளியாக எட்டிப் பார்த்தது. வெளியிலிருந்து பார்த்தே எத்தனை ஸ்டேப்பிள் என்று எண்ணலாம். சாதாரண இரும்புக் கம்பி போட்டிருக்காங்க, அதுவும் ஆழமாக. இங்கே மழைக்கு ஸ்டெயின்லெஸ் தவிர வேறு எதுவும் போடாதீங்க. வெளியே நீட்டுகிற கம்பிக் கால்களை வெட்டி, மேலே ஏபிஎஸ் கரைசல் ஒரு பூச்சு கொடுத்து மூடிடுங்க.

டூஸ்ட்ரோக் கோவை:

மதுரை அண்ணன் சொன்ன ரப்பர் புஷ் விஷயம் ஒப்புக்கொள்கிறேன், அது முதலில் வரவேண்டியதுதான். ஸ்டேப்ளரில் ஒரு மறுப்பு. முளை வேரைச் சுற்றி ஸ்டேப்பிள் போடாதீர்கள். ஒவ்வொரு கம்பியும் பேனலுக்குள் ஒரு இழுவிசையை விட்டுப்போகிறது, மேலே கரைசல் பூசினால் நான் முதலில் சொன்ன அதே மயிரிழை விரிசல் கம்பி முனைகளில் வரும். அங்கே மெல்லிய ஸ்டெயின்லெஸ் வலை வெட்டி, சூடு கட்டுப்படுத்துகிற சால்டரிங் அயர்னில் 250 டிகிரிக்குள் அழுத்திப் புதைப்பது மேல். நேராகச் செருகுகிற 60 வாட் அயர்ன் அதைவிட வெகுவாகச் சூடேறும், ஏபிஎஸ் கருகும். ஸ்டேப்பிள் போட்டே ஆகவேண்டும் என்றால் ஹேர் டிரையர் காட்டிப் பேனலை வெதுவெதுப்பாக்கி, மெதுவாக ஆறவிட்டு, மறுநாள் கரைசல் பூசுங்கள்.

அசிட்டோன் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தவழும். சால்டரிங் அயர்னும் அசிட்டோன் பாட்டிலும் ஒரே மேஜையில் ஒரே நேரத்தில் இருக்கவே கூடாது.

ஸ்ப்ரே கன் சேலம்:

ஒட்டு நல்லா நின்று பெயின்ட்டில் போன பேனல்கள்தான் என் கணக்கில் அதிகம். என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னர் கலந்த பெயின்ட்டை வெறும் ஏபிஎஸ் மேல் ஈரமாக அடித்ததும், ஒட்டின கோட்டின் இரண்டு பக்கமும் சிலந்திவலை மாதிரி நுண்கோடு எழும்பும். பார்த்துக்கொண்டே நிற்க வேண்டியதுதான், நிறுத்த வழியில்லை. காய்ந்த பிறகு மொத்தமும் எமரி போட்டு எடுக்கணும்.

முதலில் பாத்திரம் கழுவும் சோப்பு, பிறகு ஐசோபுரொபைல் ஆல்கஹால். வருஷக்கணக்கில் பூசின சிலிகான் பாலிஷ் போகாவிட்டால் பெயின்ட் மீன்கண் மாதிரி விலகி விலகி நிற்கும். ஒட்டில் 180 நம்பர் எமரி, பிறகு 320, முழுப் பேனலுக்கும் 600. காருக்குப் போடுகிற சாதாரண பட்டி வளைகிற பேனலில் வெடிக்கும். பிளாஸ்டிக்குக்கு என்று விற்கிற வளையும் பட்டி போடுங்கள், அதுவும் மெலிசாக. பிறகு பிளாஸ்டிக் பிரைமர், தூவினாற்போல இரண்டு பூச்சு, நடுவில் நன்றாக ஆவியாக விட்டு. மேலே 2கே பியூ (ஹார்ட்னர் கலந்து அடிக்கிற பாலியூரிதேன் பெயின்ட்), முடிந்தால் வளைவு கொடுக்கிற ஃபிளெக்ஸ் கலவை சேர்த்து. பெயின்ட் பூத்தில் 60 டிகிரிக்கு மேல் சூடு வேண்டாம், ஒட்டின இடம் அடியில் அமுங்கிக் கோடு தெரியும்.

யாழ் சி70க்கு: பொலிப்ரொப்பிலீனுக்குத் தனி ஒட்டுப் பிரைமர் இருக்கிறது, அது இல்லாமல் அடித்தால் பெயின்ட் தோலாக உரியும்.

யாழ் சி70:

லெக் ஷீல்டுக்குப் பெயின்ற் அடிக்காமல் விடுறதுதான் நல்லம். நிறம் பிளாஸ்ரிக்குக்குள்ளேயே இருக்கு. உருக்கி ஒட்டின இடத்தை 400, 800, 1500 தண்ணி எமரி போட்டுத் தேய்ச்சு விடுங்கோ. கோடு லேசாகத் தெரியும். தெரிஞ்சால் தெரியட்டும்.