புதுப்பிப்பு: பிராய்லர் குஞ்சுகளின் கால் தளர்ச்சி சரியானது
12 நாள் பிராய்லர் குஞ்சுகள் நிற்க முடியாமல் உட்கார்ந்துவிடுவதாகப் போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. கால்சியம் போதவில்லை என்றுதான் பலர் சொன்னீர்கள். "டிசிபி (பாஸ்பரஸும் கால்சியமும் தரும் டைகால்சியம் பாஸ்பேட்) போட்டீர்களா?" என்று கேட்ட அண்ணன்தான் சரியாகப் பிடித்தார்: குறைந்தது பாஸ்பரஸ்.

நானே அரைக்கும் தீவனத்தில் கால்சியத்துக்காகக் கிளிஞ்சல் தூளை அள்ளிப் போட்டிருந்தேன், டிசிபி துளியும் இல்லை. மக்காச்சோளம், சோயாவில் உள்ள பாஸ்பரஸில் பெரும்பகுதி பைட்டேட்டாக (கோழியால் சரியாகச் செரிக்க முடியாத வடிவம்) இருப்பதால் குஞ்சுக்குச் சேராது. கால்சியம் மிஞ்சினால் பாஸ்பரஸ் சேர்வது இன்னும் மோசம். கிளிஞ்சலைக் குறைத்து, டிசிபி சேர்த்து, கால்சியம் 1 சதவீதம், சேரக்கூடிய பாஸ்பரஸ் 0.45 சதவீதம் என்று கொண்டுவந்தேன். கூடவே தண்ணீரில் வைட்டமின் டி3.

ஒரு வாரத்தில் பெரும்பாலானவை நடந்தன. ஆனால் கால் ஏற்கெனவே வளைந்துபோன ஆறு குஞ்சுகள் நிமிரவே இல்லை. அதை நான் எதிர்பார்க்கவில்லை.