பிள்ளைக்கு அடி விழுகிற வீடு: "ஏன்" என்பதைக் குறிப்பேட்டில் எப்படி எழுதுவது?

(இடப் பெயர்களைப் புனைபெயராக வைத்து நான்கு பேர் பேசுகிறார்கள்.)

படுவான்கரை:
மட்டக்களப்பில் வெல்லாவெளி, களுவாஞ்சிகுடிப் பக்கம் வீட்டுத் தரிசிப்புக்குப் போகும் தொண்டர்களுக்கு ஒரு பயிற்சி தயாராகிறது. குறிப்பேடுகளில் திரும்பத் திரும்ப வருவது "தகப்பன் மூர்க்கன்", "தாய்க்குப் பொறுப்பில்லை" என்ற ஒற்றை வரிதான். தாயைக் கேட்டால் "இவன் வேணுமெண்டே செய்யிறான் மிஸ்" என்கிறார். இதை வைத்து அடுத்த அலுவல் ஒன்றும் பார்க்க முடியாது. எதைக் கேட்கவேண்டும், எதை எழுதவேண்டும்?

வாவியோரம்:
அடுத்தவர் செய்தால் குணம், நாம் செய்தால் சூழ்நிலை என்று காரணம் சொல்வது எல்லாருக்கும் உள்ள பழக்கம். சூழ்நிலையை விட்டுக் குணத்தையே பிடிக்கும் இந்தப் பிழைக்கு 1977இல் உளவியலாளர் லீ ராஸ் பெயரே வைத்தார். 1967இல் இன்னொரு உளவியலாளர் ஹெரால்ட் கெலி சொன்ன மூன்று கேள்விகள் இங்கே நன்றாக உதவும்: மற்றவர்களும் இப்படியா, இவர் எல்லாரிடமும் இப்படியா, எப்போதும் இப்படியா?

பின்னேரம் பாடம் படிப்பிக்கும்போது தகப்பன் மூத்தவனுக்கு அடிக்கிறார் என்று வைப்போம். அம்மம்மாவும் ரியூஷன் சேரும்கூட இவனோடு பொறுமை இழக்கிறார்களா? அப்படியென்றால் பிள்ளையின் கண், காது, வாசிப்புச் சிரமத்தைப் பார்க்கவேண்டும். தகப்பன் மற்றப் பிள்ளைகளுக்கும் அடிக்கிறாரா? எந்த நாளுமா, நுண்கடன் தவணை கட்டும் நாளில் மட்டுமா? எல்லாரிடமும் எந்த நாளும் என்றால் அவருடைய குடியையோ மனநலத்தையோ கவனிக்கவேண்டும். தவணை நாளில் மட்டும் என்றால் பார்க்கவேண்டியது கடன் பிரச்சினையை.

"மூர்க்கன்" என்று எழுதாதீர்கள். நாள், நேரம், அதற்குச் சற்று முன் நடந்தது, கையில் இருந்த பொருள், காயம் உள்ள இடம். இவ்வளவும் போதும்.

எழுவான்கரை:
எனக்கு அதிகம் பயமூட்டுவது அந்த "வேணுமெண்டே"தான். பிள்ளை தன்னை வெல்லப் பார்க்குது என்று நம்பும் தாய்க்குக் கை சட்டென்று ஓங்கும். உளவியலாளர் டாஃப்னி பூஜென்டால் குழுவினர் கலிபோர்னியாவில் செய்து 2002இல் வெளியிட்ட ஆய்வில், முதல் வருடத்தில் பிள்ளையை அடித்துத் துன்புறுத்திய தாய்மார், தரிசிப்பே இல்லாத குழுவில் 26 வீதம். வழமையான தரிசிப்பில் 23. காரணம் தேடும் உரையாடலையும் சேர்த்தபோது 4.

அந்த உரையாடல் இப்படிப் போகும். இந்தக் கிழமை எது கஷ்டம் என்று கேளுங்கள். ஏன் அப்படி நடக்குது? "அடம்" என்பார். மறுக்கவேண்டாம், "வேற என்ன காரணம் இருக்கலாம்?" என்று மட்டும் கேளுங்கள். தாயையும் பிள்ளையையும் குற்றம் சொல்லாத ஒரு காரணம் அவர் வாயிலிருந்தே வரும்வரை இதே கேள்விதான். பிறகு, என்ன செய்து பார்க்கலாம் என்பதையும் அவரே சொல்லட்டும். அடுத்த தரிசிப்பில் அது சரிவந்ததா என்று கேளுங்கள்.

பிழைப்பது எங்கேயென்றால், அவசரப்பட்டு நாமே காரணத்தை எடுத்துக் கொடுப்பதில். தாய் தலையாட்டுவார், வீட்டில் ஒன்றும் மாறாது. வயதுக்குரிய இயல்பு தெரியாத இடத்தில் மட்டும் நேரே சொல்லலாம்: குழந்தையின் அழுகை ஏறக்குறைய ஆறாவது கிழமையில் உச்சத்துக்குப் போகும், ஐந்து வயதுக்குள் படுக்கையில் சிறுநீர் போவது நோயுமல்ல, குழப்படியுமல்ல.

பாண்டிருப்பு:
காயம் இருந்தால் காரணம் தேடுவது இரண்டாவது அலுவல். தவழத் தெரியாத குழந்தையில் கண்டல், கரண்டி வடிவில் சூடு, ஆளுக்கொரு கதை: இவற்றில் எதைக் கண்டாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி, 1929 என்ற சிறுவர் உதவி இலக்கத்துக்கு அழைப்பு, பிரதேச செயலகச் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தருக்குத் தகவல். தவணை நாளில்தான் அடித்தார் என்பது உதவி எங்கே தேவை என்று காட்டும். பிள்ளையைக் கொடுமைப்படுத்துவதைக் குற்றமாக்கும் தண்டனைச் சட்டக்கோவையின் 308அ பிரிவு அதற்காக விலகாது.

பாலியல் துஷ்பிரயோகம் என்ற சந்தேகம் வந்தால் மேலே சொன்ன எந்தக் கேள்வியும் வேண்டாம். "ஏன் அங்க போனாய்?" என்று பிள்ளையைக் கேட்டால், காரணம் தானே என்று அது நம்பிவிடும். அது சொன்ன சொல்லை அப்படியே எழுதுங்கள், திரும்பச் சொல்ல வைக்காதீர்கள்.